சொல் வேண்டும்: அணுவுலை 'சேஃப்டி'க்கும் 'செக்யூரிட்டி'க்கும் ஒரே பாதுகாப்பா?

அஸ்தம்பட்டியிலிருந்து, சனி இரவு

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக ஒரே வாக்கியத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கை கொடுங்கள்.

ஏற்காட்டில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்துக்காக ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அணுமின் நிலையம் வைத்திருக்கும் நாடும் அதற்குப் பக்கத்து நாடும் உட்கார்ந்து பேசும்போது என்னதான் பேசுகிறார்கள் என்பதுதான் பொருள். இந்தியாவும் இலங்கையும் 2015 பிப்ரவரி 16 அன்று புது தில்லியில் கையெழுத்திட்ட அணுசக்தி ஒத்துழைப்பு ஒப்பந்தத்திலிருந்து தொடங்கலாம் என்று நினைத்தேன். எந்தெந்த வகையில் ஒத்துழைப்பு என்று ஒரு பட்டியல் உண்டு. அதைத் தமிழாக்கினால் இப்படி வந்து நிற்கிறது:

"அணுப் பாதுகாப்பு, கதிர்வீச்சுப் பாதுகாப்பு, அணுப் பாதுகாப்பு, கதிரியக்கக் கழிவு மேலாண்மை…"

முப்பது வருடம் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்த கை. மூன்றாவதைப் பார்த்ததும் அடிக்கத்தான் போனது. ஆனால் பிழை இல்லை. மூலத்தில் முதலாவது 'சேஃப்டி', மூன்றாவது 'செக்யூரிட்டி'. இரண்டும் வேறு என்பதால்தான் ஒப்பந்தத்தை எழுதியவர்கள் இரண்டையும் தனித்தனியே எழுதினார்கள். நாம்தான் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறோம். சர்வதேச அணுசக்தி முகமை செய்கிற 'சேஃப்கார்ட்ஸ்' என்று மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. அதற்கும் நம் பத்திரிகைகளில் பாதுகாப்புதான்.

இந்தக் குழப்பம் அணுவோடு நிற்கவில்லை. ஜவ்வரிசியில் கலப்படம் இருக்கிறதா என்று ஆலைக்கு வந்து மாதிரி எடுப்பவர் உணவு பாதுகாப்பு அலுவலர். ரேஷன் அரிசிக்கு அடிப்படையான 2013-ஆம் வருடத்துச் சட்டம் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம். ஒன்று, தட்டில் இருப்பது நல்லதா என்ற கேள்வி. மற்றது, தட்டில் ஏதாவது இருக்கிறதா என்ற கேள்வி. உணவில் இதனால் பெரிய நஷ்டம் யாருக்கும் இல்லை, இடம் பொருள் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். அணுவில் அப்படி விட முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நம் ஏற்காட்டு மலைப்பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் சோதனைச்சாவடி. வருகிறவன் யார், வண்டியில் என்ன வைத்திருக்கிறான் என்று பார்க்கிறார்கள். அது செக்யூரிட்டி. மேலே ஏற ஏற, வளைவுக்கு வளைவு தடுப்புச்சுவர், எதிரே வரும் வண்டியைக் காட்டும் கண்ணாடி, ஹாரன் அடிக்கச் சொல்லும் பலகை. அது சேஃப்டி. சாவடி மலையை நம்மிடமிருந்து காக்கிறது. சுவர் நம்மை மலையிடமிருந்து காக்கிறது.

பக்கத்து நாடு கேட்பது சுவரைப் பற்றி. "உங்கள் உலை பழுதானால் எங்களுக்கு என்ன ஆகும்? அதைத் தடுக்க என்ன வைத்திருக்கிறீர்கள்?" இதற்குத் திறந்து பதில் சொல்ல முடியும், சொல்லவும் வேண்டும். சாவடியைப் பற்றிய கேள்வி வேறு: எத்தனை காவலர், எந்த வாசல், எப்போது ஆள் மாறுவார்கள். இதற்குப் பதில் சொல்லாமல் இருப்பதுதான் சரி. இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் பேச்சு இப்படி முடியும்:

"பாதுகாப்பைப் பற்றிச் சொல்லுங்கள்."

"பாதுகாப்புக் காரணங்களால் சொல்ல இயலாது."

கேட்டவருக்குப் பதில் வந்த மாதிரியும் இருக்கிறது, சொன்னவர் பொய் சொல்லாத மாதிரியும் இருக்கிறது.

இன்னொன்று. வரைபடத்தில் அளவுகோல் வைத்துப் பார்த்தேன். கூடங்குளத்திலிருந்து நேர்கோட்டில் இலங்கையின் கல்பிட்டி 220 கி.மீ. அளவில் வருகிறது. நம் சேலம் 380 கி.மீ.க்கு மேல். அதாவது கூடங்குளத்தைப் பற்றிக் கேள்வி கேட்க, நம்மைவிட அவர்களுக்கு ஒரு படி அதிக உரிமை இருக்கிறது. நாம் ஒரே நாட்டுக்காரர்கள் என்பதால் நம் கேள்வி உள்ளூர்க் கேள்வி. அவர்கள் கேட்டால் அது தூதரகம் வழியாக வரவேண்டிய கேள்வி.

ஆக, இரண்டு சொல் வேண்டும். மூன்றாவதும் கிடைத்தால் நல்லது. அடுத்த கூட்டம் நாளை அல்ல, அடுத்த வார ஞாயிறு.

*

ஏற்காட்டிலிருந்து, ஞாயிறு காலை

அஸ்தம்பட்டியாருக்கு,

இங்கே விடிந்தும் பனி விலகவில்லை. ஆனால் சொல் தெளிவாகவே தெரிகிறது: ஏமம்.

தேடிப் போக வேண்டியதில்லை ஐயா, வீட்டிலேயே இருக்கிறது. ஒரு நாட்டுக்கு அணி எவை என்று ஐந்தை எண்ணும் வள்ளுவர் கடைசியாக வைப்பது ஏமம். சினத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில் 'ஏமப்புணை' என்கிறார். வெள்ளத்தில் ஏறிக்கொள்ளும் தெப்பம். நீங்கள் சொல்லும் 'சேஃப்டி'க்கு இதைவிடப் பொருத்தமான படம் உண்டா? அணு ஏமம், கதிர் ஏமம், ஏமப் பேச்சு. மூன்றெழுத்தில் முடிகிறது. பாதுகாப்பை 'செக்யூரிட்டி'க்கே விட்டுவிடலாம், அது ஏற்கெனவே பாதுகாப்புத் துறை அமைச்சர் கையில் இருக்கிறது.

முப்பத்தைந்து வருடம் பள்ளியில் சொல்லிக் கொடுத்த சொல் ஒருமுறையாவது வெளியே வேலைக்குப் போகட்டும்.

*

மேட்டூரிலிருந்து, ஞாயிறு மதியம்

ஐயாவுக்கு வணக்கம். தப்பாக நினைக்க வேண்டாம். 'அணு ஏமம்' என்று பலகை வைத்தால், ஏமாந்தது யார் என்றுதான் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பார்கள்.

நான் இங்கே தெர்மலில், அனல்மின் நிலையத்தில், காண்ட்ராக்ட்டில் வேலை பார்த்தவன். கையெழுத்துப் போடத் தெரியாதவரும் அங்கே இருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதில்லை. கேட் பாஸ், பையைத் திறந்து காட்டுவது, அதெல்லாம் செக்யூரிட்டி. ஹெல்மெட், பெல்ட், ஷூ, எல்.சி. (லைனில் மின்சாரம் நிறுத்தியாயிற்று என்ற அனுமதி) வாங்காமல் லைனில் கை வைக்காதே என்பது, அதெல்லாம் சேஃப்டி. 'செக்யூரிட்டி ஷூ' என்று எவனும் சொல்லி நான் கேட்டதில்லை. 'கேட்டில் சேஃப்டி உட்கார்ந்திருக்கிறார்' என்றும் சொன்னதில்லை.

பேச்சில் பிரச்சினையே இல்லை. எழுத்தில்தான் நீங்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டு இப்போது அவிழ்க்கக் கஷ்டப்படுகிறீர்கள். சேஃப்டி, செக்யூரிட்டி என்றே எழுதிவிட்டுப் போனால் என்ன?

அப்புறம் ஒரு கேள்வி. பக்கத்து நாட்டுக்காரன் சேஃப்டி பற்றிக் கேட்டான் என்கிறீர்கள். நிஜமாகவே என்ன கேட்பான்? "ஒழுங்காக இருக்கிறதா" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு டீ குடித்துவிட்டுப் போவதற்கா இத்தனை பேச்சுவார்த்தை?

*

அஸ்தம்பட்டியிலிருந்து, ஞாயிறு இரவு

மேட்டூர்த் தம்பி சொன்னது என்னைக் கொஞ்சம் உலுக்கிவிட்டது. தெருப்பேச்சில் இருக்கிற வேறுபாடு நம் எழுத்துத் தமிழில் இல்லை. வழக்கமாக நாம் இதைத் தலைகீழாகத்தான் சொல்லிக்கொள்வோம்.

முதலில் அவருடைய கேள்வி. நிஜமாக என்ன கேட்பார்கள்?

செக் நாட்டில் டெமெலின் என்று ஓர் அணுமின் நிலையம். ஆஸ்திரிய எல்லையிலிருந்து சுமார் 60 கி.மீ. சேலத்திலிருந்து ஈரோடு போகிற தூரம். ஆஸ்திரியா அணுமின்சாரமே வேண்டாம் என்று முடிவெடுத்த நாடு. ட்ஸ்வென்டென்டார்ஃப் என்ற ஊரில் முழுசாகக் கட்டி முடித்த உலையை, 1978 நவம்பரில் மக்களிடம் வாக்கெடுத்து, ஓட்டாமலேயே மூடி வைத்தார்கள். வேண்டாம் என்றவர்கள் 50.47 விழுக்காடு, அவ்வளவுதான் வித்தியாசம். அப்படிப்பட்டவர்களுக்குப் பக்கத்தில் 2000-இல் டெமெலின் ஓடத் தொடங்கியது. ஆஸ்திரியர்கள் எல்லைச் சாலைகளில் உட்கார்ந்து மறித்தார்கள். செக் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரக் காத்திருந்த நேரம் அது. அந்த டிசம்பரில் இரு நாட்டுத் தலைவர்களும் மெல்க் என்ற ஊரில் உட்கார்ந்து பேசினார்கள், ஒன்றியத்தின் ஆணையர் நடுவில் இருந்தார். அடுத்த வருடம் நவம்பரில் பிரஸ்ஸல்ஸில் முடிவுகள் எழுதப்பட்டன.

அந்த முடிவுகளின் இணைப்பில், நிபுணர்கள் பேசித் தீர்க்க வேண்டிய பட்டியலில் முதல் விஷயம் என்ன தெரியுமா? 28.8 மீட்டர் உயரத்தில் ஓடும் உயர் அழுத்தக் குழாய்கள். நீராவிக் குழாயும் நீர்க்குழாயும் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன, ஒன்று உடைந்தால் அடுத்ததையும் அடித்து உடைக்குமா என்பது கேள்வி. அடுத்தது வால்வுகள்: தண்ணீரும் நீராவியும் கலந்து வந்தால் சரியாகத் திறந்து மூடுமா? தம்பி, டீ குடித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை இது. உங்கள் ஃபோர்மேன் கேட்கிற கேள்வி. அதை ஒரு நாட்டின் அரசு இன்னொரு நாட்டின் அரசிடம் கேட்டது. நான் 'சேஃப்டி'க்குத் தனிச்சொல் தேடுவது இந்த 28.8 மீட்டருக்காகத்தான். 'பாதுகாப்பு' என்று எழுதினால் வாசகர் கண்ணில் துப்பாக்கி தெரிகிறது, குழாய் தெரிவதில்லை.

இங்கே என் பேரன் ஒரு குறுக்குக் கேள்வி போட்டான். ஆஸ்திரியர் பேசும் ஜெர்மனில் 'ஸிஷெர்ஹைட்' என்ற ஒரே சொல்தான் இரண்டுக்கும், செக் மொழியிலும் பொதுப்பேச்சில் அப்படித்தான். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அவர்கள் பேசி முடித்தார்களே, நமக்கு மட்டும் ஏன் இரண்டு? நல்ல கேள்வி. ஒரு நாள் முழுக்க யோசித்தேன். குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற நிபுணருக்கு ஒரு சொல் போதும். பத்திரிகையில் படிக்கிறவருக்குப் போதாது. ஜெர்மனியிலேயே 'செக்யூரிட்டி'க்கு 'ஸிஷெருங்' என்று பிரித்துக்கொண்டார்கள், அதே வேரில் வேறு விகுதி. சீனர்களுக்கும் 'ஆன்ச்சுவான்' என்ற ஒரே சொல்தான் இருந்தது. அதை 'சேஃப்டி'க்கு வைத்துக்கொண்டு, 'செக்யூரிட்டி'க்கு 'ஆன்பாவ்' என்கிறார்கள். ஸ்பானியர்கள் அடைமொழி ஒட்டினார்கள்: தொழில்நுட்பப் பாதுகாப்பு, பௌதிகப் பாதுகாப்பு என்கிற மாதிரி. பிரெஞ்சுக்காரர்களின் 2006-ஆம் வருடத்துச் சட்டம் இன்னும் அழகு. 'செக்யூரிதே' என்பதைப் பெரிய குடையாக விரித்து, அதற்கடியில் விபத்துத் தடுப்பு, கதிர்வீச்சிலிருந்து காத்தல், நாசவேலைத் தடுப்பு எல்லாவற்றையும் தனித்தனியே உட்கார வைத்துவிட்டது.

எனக்கு இந்தக் குடை பிடித்திருக்கிறது. பாதுகாப்பு என்ற சொல்லை யாரிடமிருந்தும் பிடுங்க வேண்டாம், அது பொதுச்சொல்லாக மேலே இருக்கட்டும். அடியில்:

'செக்யூரிட்டி' என்றால் காவல். அணுக்காவல். விளக்கம் தேவைப்படாத சொல்.

'சேஃப்டி' என்றால் இடர்காப்பு. இடர் என்பது பேரிடர் மேலாண்மை, பேரிடர் மீட்புப் படை வழியாக எல்லார் காதிலும் விழுந்த சொல்.

ஏமம் நல்ல சொல்தான், ஐயா மன்னிக்க வேண்டும். ஆனால் நிகண்டைப் புரட்டினால் ஏமத்துக்குப் பொன் என்றும் ஒரு பொருள், மயக்கம் என்றும் ஒரு பொருள். 'சேஃப்டி'க்கு மயக்கம் ஆகாது. வீட்டில் நாம் சொல்கிற 'பத்திரமா போயிட்டு வா'வில் இருக்கிற 'பத்திரம்' இதைவிட உயிருள்ள சொல் என்று ஒரு மணி நேரம் துள்ளிக் குதித்தேன். பிறகு 'அணுவுலைப் பத்திரம்' என்று எழுதிப் பார்த்தேன். சார்பதிவாளர் அலுவலக வாசலில் போய் நின்றது.

தம்பி, சேஃப்டி என்றே எழுதலாம் என்பதற்கு என் பதில் இது. ஏற்காடு போகும் பாதையில் கொண்டை ஊசி வளைவு என்று பலகை இருக்கிறதே, 20 வளைவுக்கும் எண் போட்டு? அதுவும் இங்கிலீஷிலிருந்து அப்படியே கொண்டுவந்த சொல்தான். ஆனால் அது தமிழ்த் தலையில் இருக்கிற கொண்டை, தமிழ்ப் பெண் செருகுகிற ஊசி. இப்போது பஸ்ஸில் வாந்தி எடுக்கிற குழந்தைகூட "இன்னும் எத்தனை கொண்டை ஊசி?" என்று கேட்கிறது. படம் காட்டுகிற சொல் என்றால் ஜனங்கள் எடுத்துக்கொள்வார்கள். இடர்காப்பு அந்த அளவுக்கு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாதுகாப்பைவிட ஒரு படி மேல்.

*

ஓமலூர்ப் பக்கமிருந்து, திங்கள்

எல்லாருக்கும் வணக்கம். நான் இந்தக் குழுமத்தில் வாசிக்கிறவள் மட்டும்தான், எழுதினது இல்லை. பிறந்தது மன்னார், வளர்ந்தது முழுக்க இங்கேதான். அம்மா இன்னும் பழைய பேச்சுத்தான் பேசுவா.

அஸ்தம்பட்டி ஐயா 'பாதுகாப்பு என்றால் கண்ணில் துப்பாக்கி தெரிகிறது' என்று எழுதியிருந்தீங்கள். உங்களுக்கு அது ஒரு எடுத்துக்காட்டு. அம்மாவுக்கு அந்த வரியை வாசித்துக் காட்டினேன். அவ சொன்னா, "உயர் பாதுகாப்பு வலயம் எண்டுதானே எங்கட ஆக்களிண்ட காணியளை எடுத்தவங்கள்." வடக்கில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் முள்ளுக்கம்பி. அதுக்குள்ளே வீடு இருக்கும், போக ஏலாது. அப்படி இருக்க, கடலுக்கு இந்தப் பக்கம் இருந்து 'அணுப் பாதுகாப்பு' என்று ஒரு கடுதாசி போனால், அங்கே இருக்கிற மீன்பிடிக்கிற சனம் என்ன நினைக்கும்?

'காவல்' எனக்குச் சரி. காவலரண் என்று நாங்கள் சொல்கிறது. ஆயுதத்தோடு ஆள் நிற்கிற இடம் என்று சொல்லிலேயே தெரியும், ஒளிக்க ஒன்றும் இல்லை.

மற்றச் சொல்லுக்கு எனக்கு யோசனை இல்லை. நாங்கள் வழியனுப்பும்போது 'பத்திரம்' என்று சொல்லமாட்டோம். 'கவனம்' என்போம். "கவனமாப் போட்டு வாங்கோ." ஆனால் அதுவும் கலைச்சொல்லுக்கு உதவாது என்று நினைக்கிறேன். 'அணுக் கவனம்' என்றால் யாரோ பயப்படுத்துகிற மாதிரி இருக்கும்.

*

ஏற்காட்டிலிருந்து, திங்கள் மாலை

மன்னார் மகளுக்கு: அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் மடலைப் படித்தபிறகு என் ஏமத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அழகுக்காகத்தான் சொன்னேன் என்பது இப்போது தெரிகிறது.

ஆனால் 'இடர்காப்பு' என்று எழுதியதில் அஸ்தம்பட்டியார் ஒன்றைக் கவனிக்கவில்லை. இடரைக் காப்பதா, இடரிலிருந்து காப்பதா?

மோர் குடித்தான் என்கிறோம். மோரைக் குடித்தான், இரண்டாம் வேற்றுமைத் தொகை, வல்லினம் மிகாது. மோர்க்குழம்பு என்கிறோம். மோரால் ஆகிய குழம்பு, உருபும் பயனும் சேர்ந்து மறைந்திருக்கின்றன, க் மிகுகிறது. அதே கணக்கில், இடர்காப்பு என்று மொட்டையாக எழுதினால் இடரைக் காப்பது. உண்ட வீட்டுக்கே இரண்டகம். இடர்க்காப்பு என்று ஒற்றுப் போட்டு எழுதினால் இரண்டாம் வேற்றுமை விலகிவிடுகிறது. இடரிலிருந்து நீக்கும் காப்பு என்று விரிக்க வழி கிடைக்கிறது. வெப்பக்காப்பு, மின்காப்பு என்று பாடநூல்களில் வருகிறதே, வெப்பத்தையும் மின்சாரத்தையும் காப்பாற்றவா செய்கிறோம்? அவற்றிலிருந்துதானே காக்கிறோம். அந்த வரிசையில் இதையும் வைக்கலாம். ஆனால் க் கட்டாயம்.

*

மேட்டூரிலிருந்து, திங்கள் இரவு

ஒரு க்-கில் ஊரே தலைகீழாகிவிடும் போலிருக்கிறது. சரி, எழுத்தில் இடர்க்காப்பு. பேச்சில் நாங்கள் சேஃப்டி என்றே சொல்லிக்கொள்கிறோம், இரண்டு பேரும் சண்டை போட வேண்டாம்.

28.8 மீட்டர்க் குழாய் விவரத்தை எங்கள் ஆட்கள் இரண்டு பேரிடம் சொன்னேன். உடனே புரிந்துகொண்டார்கள். ஸ்டீம் லைன் பிய்த்துக்கொண்டால் பாம்பு மாதிரி அடிக்கும், பக்கத்தில் எதையும் விடாது. "இதைக் கேட்கத் தெரிந்தவன் விவரமானவன்" என்றார் ஒருத்தர்.

மூன்றாவது சொல்லை மறந்துவிட்டீர்களே? சேஃப்கார்ட்ஸ்?

*

அஸ்தம்பட்டியிலிருந்து, புதன்

மறக்கவில்லை. விளங்கிக்கொள்ளத்தான் இரண்டு நாள் ஆனது.

'சேஃப்கார்ட்ஸ்' விபத்தைத் தடுப்பதும் இல்லை, திருடனைத் தடுப்பதும் இல்லை. மின்சாரத்துக்கென்று கொடுத்த எரிபொருள் குண்டு செய்யும் இடத்துக்குத் திரும்பிவிடவில்லையே என்று வெளியாள் வந்து சரிபார்ப்பது. எண்ணுகிறார்கள், எடை பார்க்கிறார்கள், முத்திரை வைக்கிறார்கள், கேமரா மாட்டுகிறார்கள். கூடங்குளத்து உலைகளும் இந்தச் சரிபார்ப்புக்குக் கீழேதான் இருக்கின்றன.

இதற்கு உவமை தேடி வெளியே போகவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை நடக்கிற எந்த இடத்துக்கும் போய்ப் பாருங்கள். வெள்ளியை எடை போட்டுக் கொடுக்கிறார்கள், கொலுசாகத் திரும்பும்போது எடை போட்டு வாங்குகிறார்கள். நடுவில் சேதாரம் எவ்வளவு போகலாம் என்று பேச்சு உண்டு. அதற்கு மேல் குறைந்தால் கேள்வி வரும். வேலைக்காரரைத் திருடன் என்று யாரும் சொல்வதில்லை, கணக்கு நேராகவேண்டும், அவ்வளவுதான். அணுப்பொருளிலும் அப்படியே. கணக்கில் வராத எடை என்று அவர்களுக்கும் ஒரு வரவு உண்டு, அளவு மீறினால் விளக்கம் சொல்ல வேண்டும். அதனால் 'கணக்குக்காப்பு' என்று எழுதப்போகிறேன். இதைவிட நல்லது கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம். இதில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை.

பிடிவாதம் இருப்பது இடர்க்காப்பில்தான். அதைச் சில செய்திகளில் பொருத்திப் பார்த்தேன்.

பெலாரஸ் நாடு அஸ்திராவெத்ஸ் என்ற இடத்தில் கட்டிய அணுமின் நிலையம், லிதுவேனியாவின் தலைநகரிலிருந்து சுமார் 50 கி.மீ. 2017-இல் லிதுவேனியா சட்டமே போட்டது. பழைய தமிழில் எழுதினால்: "பாதுகாப்பற்ற அந்த நிலையம் தேசியப் பாதுகாப்புக்கு அச்சுறுத்தல்." வட்டமாகச் சுற்றுகிறது. புதிய தமிழில்: "இடர்க்காப்பில்லாத அந்த நிலையம் தேசியப் பாதுகாப்புக்கு அச்சுறுத்தல்." காரணம் ஒன்று, விளைவு ஒன்று என்று வாக்கியம் நிமிர்ந்துவிட்டது. 2020 நவம்பரில் அந்த உலை மின்சாரம் தரத் தொடங்கியபோது லிதுவேனிய மக்கள் கையில் அயோடின் மாத்திரை இருந்தது. அதுவும் இடர்க்காப்புதான், பக்கத்து நாடு தன் செலவில் செய்துகொண்டது.

அடுத்து இந்தியாவும் பாகிஸ்தானும். ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்கக்கூடாது என்று 1988 டிசம்பர் 31-இல் கையெழுத்து. 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் இரண்டு நாடுகளும் தங்கள் நிலையங்களின் பட்டியலைக் கைமாற்றிக்கொள்கின்றன. எத்தனை சண்டைக்கு நடுவிலும் இந்தக் காகிதம் போய் வருகிறது, அதில் எனக்கு ஒரு வியப்பு உண்டு. ஆனால் இது இடர்க்காப்பு அல்ல. 28.8 மீட்டரைப் பற்றி இதில் ஒரு பேச்சும் இல்லை. 'இந்தியா-பாகிஸ்தான் அணுப் பாதுகாப்பு ஒப்பந்தம்' என்று போட்டால், இலங்கையோடு போட்டதும் இதுவும் ஒரே மாதிரி என்றுதான் வாசகர் நினைப்பார். ஒன்று சண்டைக்காரர்களுக்கு நடுவில் போட்ட கோடு. மற்றது கூடிச் செய்ய நினைக்கிற வேலை.

இனி வேறொரு பள்ளம். மெய்ப்புப் பார்க்கும்போதுதான் விழுந்தேன். செர்னோபில் விபத்துக்குப் பிறகு 1986 செப்டம்பர் 26 அன்று வியன்னாவில் ஓர் உடன்படிக்கை நிறைவேறியது. விபத்து நடந்தால் பக்கத்து நாடுகளுக்கும் முகமைக்கும் சீக்கிரம் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். அதை நான் 'முன்னறிவிப்பு உடன்படிக்கை' என்று எழுதியிருந்தேன். வானிலைக்காரர் சொல்வது முன்னறிவிப்பு, மழை வருவதற்கு முன்னால். இங்கே விபத்து நடந்துவிட்டது. நடந்த உடனே சொல்வதுதான் கடமை. உலை வெடித்தது ஏப்ரல் 26 அதிகாலை. 28-ஆம் தேதி காலை ஸ்வீடனில் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஒரு ஊழியரின் ஷூ கதிர்மானியை அலற வைத்தது. தங்கள் உலையில்தான் கசிவு என்று முதலில் நினைத்தார்கள். அன்று மாலைதான் மாஸ்கோ வாயைத் திறந்தது. கிட்டத்தட்ட 1,100 கி.மீ. தூரத்தில் இருந்தவர்களுக்குச் செய்தி சொன்னது தூதர் இல்லை, ஷூ. ஆகவே 'உடனறிவிப்பு' என்று மாற்றிவிட்டேன். இதற்கு மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

முதல் வாக்கியம் இப்போது இப்படி நிற்கிறது:

"அணு இடர்க்காப்பு, கதிர்வீச்சு இடர்க்காப்பு, அணுக்காவல், கதிரியக்கக் கழிவு மேலாண்மை…"

வீட்டில் படித்துக் காட்டினேன். "இப்போ ரெண்டு தடவை எழுதலை" என்றாள். நம்மில் கறாரான மட்டுறுத்துநர் அவள்தான்.

கட்டுரை முழுவதையும் இந்த மடலோடு இணைத்திருக்கிறேன். சனிக்கிழமை பிரதி எடுக்கக் கொடுக்க வேண்டும். கண்ணில் படுவதைச் சொல்லுங்கள்.

*

ஓமலூர்ப் பக்கமிருந்து, வியாழன்

உடனறிவிப்பு நல்லாயிருக்கு ஐயா. கட்டுரையில் கல்பிட்டி வரும் இடத்தில் 'மீனவர்கள்' என்று மட்டும் இருக்கு. அங்கே ஆக்கள் மூன்று பாசையும் பேசுகிறவை. உடனறிவிப்பு போனால் எந்தப் பாசையில் போகும் என்று ஒரு வரி சேர்க்கலாமா?

*

மேட்டூரிலிருந்து, வியாழன்

ஷூ விஷயத்தை எங்கள் ஆட்களிடம் சொன்னேன். "அது சேஃப்டி ஷூவா?" என்று கேட்கிறான் ஒருத்தன். விவரம் கிடைத்தால் சொல்லுங்கள்.

ஞாயிறு நானும் வருகிறேன். அடிவாரத்திலிருந்து யார் வண்டியில் இடம் இருக்கிறது?

*

ஏற்காட்டிலிருந்து, வெள்ளி காலை

கட்டுரை படித்தேன். மெல்க் பகுதி நன்றாக வந்திருக்கிறது. லிதுவேனியாவைக் கொஞ்சம் சுருக்கலாம். ஓமலூர் மகள் கேட்ட வரியைக் கட்டாயம் சேருங்கள்.

மூன்றாம் பக்கம், மேலிருந்து ஏழாவது வரி: 'டெமெலின் இடர்காப்பு குறித்து' என்று இருக்கிறது. க் விழுந்துவிட்டது. பிரதி எடுக்கக் கொடுப்பதற்கு முன் போட்டுவிடவும்.